முப்பத்தேழாம் இடத்தில்

சீப்ரனுக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
மதகில் மூன்று படகுகள் காத்து நிற்கின்றனவாம்,
ஒன்றில் பீட்ரூட், இரண்டில் மணல்.
தொலைபேசியில் அதைத்தான் முதலில் சொல்கிறான்.

நான் உட்ரெக்ட்டில், ஆய்வகத்தின் நிலவறையில்,
காந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.
பக்கத்தில் என்றால், மஞ்சள் கோட்டுக்கு இப்பால்.
அப்பால் போனால் கைக்கடிகாரம் செத்துவிடும்.
அரிசிமணி பருமனில் ஒரு குழல்.
அதற்குள்ளே
அவனைப் படுக்கவைத்த கிருமியின் இனத்திலிருந்து
ஒரே ஒரு புரதம்
(கிருமி இல்லை, கதவு மட்டும்)
நொடிக்கு அறுபதாயிரம் முறை சுழல்கிறது.
சுழற்றினால்தான் வாய்திறக்கும்.

தொண்ணூற்றேழு அமினோ அமிலம், அவ்வளவுதான் நீளம்.
கூட்டத்தில் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி
ரகசியம் பேசுவதுபோல
நான்கு சுருள்கள்; நடுவில் புழை.
தண்ணீரே வரிசையில் வரவேண்டிய நெருக்கம்.
முப்பத்தேழாம் இடத்தில் ஹிஸ்டிடின், காவல்.
நாற்பத்தொன்றில் டிரிப்டோபான், தாழ்ப்பாள்.

செல் அதை விழுங்குகிறது.
ஏமாந்து என்று சொல்ல மாட்டேன், விழுங்குவது அதன் பிழைப்பு.
விழுங்கியதைப் பையில் கட்டிப் புளிக்கவைக்கும்.
அந்தப் புளிப்புக்குத்தான்
கதவு இத்தனை நேரம் காத்திருந்தது.
ஹிஸ்டிடின் ஒரு புரோட்டானை வாங்குகிறது,
இன்னொன்று,
மூன்றாவது வந்ததும் நால்வருக்கும் அங்கே இடம் போதவில்லை.
தாழ் விலகுகிறது.
உள்ளே புளிப்பு ஏற, கட்டு தளர,
எட்டுத் துண்டு ஓலை
அவிழத் தயாராகிறது.

போன கோடையில் இதைச் சீப்ரனுக்கு
மதகின் குறிப்பேட்டில் வரைந்து காட்டினேன்.
மேல்கதவும் கீழ்க்கதவும் சேர்ந்து திறக்காதே, என்றான்.
திறக்காது என்றேன்.
“அப்போ என் வேலைதான். நொடிக்கு எத்தனை படகு?”
சில நூறு இருக்கலாம்.
“எனக்கு நாளுக்கு இருபது” என்று
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
மற்ற வாயில்கள் நொடிக்குக் கோடி விடும்,
இது சோம்பேறி என்றதும்
மறுபடி சிரித்தான்.

இன்று கேட்கிறான்:
அதை அடைக்க உன்னிடம் ஒன்றுமில்லையா?

இருந்தது. அமாண்டடின்.
கூண்டுபோல் சின்ன மூலக்கூறு,
குப்பியில் தக்கைபோலப் புழையில் போய் உட்காரும்.
பிறகு முப்பத்தொன்றாம் இடத்தில்
செரின் போய் அஸ்பராஜின் வந்தது.
கரை என்பது கறை ஆனதுபோல, ஓர் எழுத்து.
தக்கை நிற்கவில்லை.
இப்போது மனிதரிடம் சுற்றுவதில்
ஏறக்குறைய எல்லாமே அந்த எழுத்துப்பிழையோடுதான்
நன்றாக வாழ்கின்றன.

இதை அவனிடம் சொல்லவில்லை.
வேறு புரதத்துக்கு வேறு மாத்திரை உண்டு,
முதல் இரண்டு நாளுக்குள் போட்டால் நல்லது,
மருத்துவரைக் கூப்பிடு,
அப்பாவை உன் அறைக்குள் விடாதே என்றேன்.

அந்தப் பக்கம், கதவுக்கு அப்பால்,
கோப்பை தட்டில் மோதும் ஓசை.
அப்பாவின் மருந்துப் பெட்டியில் அமாண்டடின் இருக்கிறது,
காலையில் ஒன்று, மதியம் ஒன்று,
பார்க்கின்சனுக்கு.
கிருமியின் கதவில் தோற்றுப்போனது
அவர் கைக்குள் ஏதோ வேலை பார்க்கிறது.
எப்படி என்று முழுசாகச் சொல்ல
இந்தக் கட்டடத்தில் ஆளில்லை.
ஓசையை எண்ணினேன்.
இரண்டு முறைதான் மோதியது.

மணல் படகு ஹாரன் அடிக்கிறது.
“அப்பா போய்த் திறக்கட்டுமா என்கிறார்.
பொத்தான்தானே என்கிறார்.”
விரலை நினைத்துப் பார்த்தேன்.
பச்சைப் பொத்தான், பக்கத்திலேயே சிவப்பு.

திறக்கட்டும், என்றேன்.
மேல்கதவு மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்.